மரணதண்டனை ஆய்வுகளும் ஆய்வாளரின் நிலைக்களமும்: ஓர் அறவியல் நோக்கு

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகம் நோக்கிச் செல்லும் வீதியில் மண்டைதீவை அடுத்து அமைந்திருப்பது அல்லைப்பிட்டி. அவ்வீதி வேலணையூடாகத் தொடர்ந்து, கடலை ஊடறுக்கும் தாம்போதியைத் தாண்டிப் புங்குடுதீவை அடைகின்றது. ஒரே வழியில் அமைந்த இவ்விரு ஊர்களிலும், ஒன்பது ஆண்டு இடைவெளியில், ஒரே மாதத்தின் ஒரே திகதியில் இரு கொடுமைகள் நிகழ்ந்தன. 2006 மே 13ஆம் திகதி இரவு அல்லைப்பிட்டியில் ஒரு வீட்டினுள் ஒன்பது பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். இறந்தோருள் சிறு குழந்தைகளும் அடங்குவர். 2015 மே 13ஆம் திகதி காலை புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட மாணவி ஒருவர் கடத்தப்பட்டு, பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். பிந்திய கொடுமை தொடர்பாக யாழ்ப்பாணத்திற் கூடிய, மூன்று நீதிபதிகளைக் கொண்ட தீர்ப்பாயம் 2017 செப்ரெம்பர் 27ஆம் திகதி எழுவருக்கு மரணதண்டனை விதித்தது. முந்திய கொடுமை தொடர்பாகக் கடற்படையினர் மீது குற்றச்சாட்டு எழுந்தது; அது மறுக்கப்பட்டது; எவரும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை.

மரணதண்டனை கொலையைத் தடுக்குமா என்னும் வினாவைப் புங்குடுதீவு வழக்கின் தீர்ப்பு நாளில் நீதிமன்ற வாயிலில் நின்று ஒருவர் கேட்கலாம். அல்லைப்பிட்டியில் அந்த வீட்டின் முன் நின்று மற்றொருவர் கேட்கலாம். இருவரும் ஒரே சொற்களையே கையாளுவர். எனினும், அவர்கள் ஒரே பொருளையே கேட்கின்றனர் எனக் கொள்வதற்கில்லை. கேட்பவர் நிற்கும் இடம் வினாவின் பொருளை மாற்றுமாயின், விடை தேடப் புகும் ஆய்வாளரின் நிலைக்களம் அவர் காணும் விடையை எவ்வளவு தூரம் மாற்றும்? அவ்வாறு மாற்றுமெனின், உயிரைப் பறிக்கும் ஒரு சட்டத்துக்கு அத்தகைய ஆய்வு ஆதாரமாக நிற்கத் தகுமா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரணதண்டனையை ஆதரிப்போர் பொதுவாக இரு நியாயங்களை முன்வைப்பர். கொன்றவன் கொல்லப்படுதலே நீதி என்பது ஒன்று. ஒருவனைத் தூக்கிலிடுவதால் ஏனையோர் அஞ்சிக் கொலையினின்றும் விலகுவர் என்பது மற்றையது. முன்னையது நீதி பற்றிய நம்பிக்கை. அதனை எண்களால் நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. பின்னையது உலகியல் பற்றிய கூற்று. மழை பெய்தால் குளம் நிரம்பும் என்பது போல அதுவும் மெய்யாகவோ பொய்யாகவோ இருத்தல் வேண்டும். ஆதலின், மக்களின் மனச்சாய்வுகளுக்கு அப்பால் நின்று புள்ளிவிபரங்களைக் கொண்டு அதனைத் தீர்த்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பு இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறிற்றா என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

இத்துறையில் முன்னோடியாகக் கருதப்படுபவர் தொர்ஸ்ரன் செலின். சுவீடனிற் பிறந்து ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் சமூகவியல் கற்பித்த அவர், 1959இல் வெளியிட்ட ஆய்வில் அயல் மாநிலங்களை ஒப்பிடும் முறையைக் கையாண்டார். மிச்சிகன் மாநிலம் கொலைக்குற்றத்துக்கான மரணதண்டனையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஒழித்துவிட்டது. அதன் அயலிலுள்ள ஓகையோ, இந்தியானா ஆகியவை அதனை வைத்திருந்தன. மரணதண்டனை கொலையைத் தடுக்குமாயின் மிச்சிகனிற் கொலை மிகுந்து காணப்படல் வேண்டும். செலின் அவ்வாறான வேறுபாடு எதனையும் காணவில்லை. ஒரே வகையான நிலமும் மக்களும் வாழ்க்கையும் கொண்ட மாநிலங்களிற் கொலை வீதமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கொலை சமூகச் சூழலின் விளைபொருள் என்பதே சமூகவியலாளரின் அடிப்படை எண்ணமாகும். செலினின் ஒப்பீடும் அவ்வெண்ணத்திலிருந்தே முளைத்து, அதற்கு இசைவான விடையையே தந்தது.

பதினாறு ஆண்டுகளின் பின், 1975இல், ஐசாக் ஏர்லிக் என்னும் பொருளியலாளர் இதற்கு நேர்மாறான முடிவை வெளியிட்டார். அவர் கரி பெக்கரின் சிந்தனை வழியில் வந்தவர். குற்றவாளியும் சந்தையில் நிற்கும் வாடிக்கையாளனைப் போலவே இலாப நட்டம் பார்த்துச் செயற்படுகின்றான் என்னும் கருத்தை 1968இல் பெக்கர் விரிவாக எடுத்துரைத்திருந்தார். விலை ஏறினால் வாங்குதல் குறையும். அவ்வாறே தண்டனை கடுமையாயின் குற்றம் குறையும். ஏர்லிக் 1933 முதல் 1969 வரையிலான ஐக்கிய அமெரிக்கப் புள்ளிவிபரங்களை இந்நோக்கில் ஆராய்ந்து, மேலதிகமாக நிறைவேற்றப்படும் ஒவ்வொரு மரணதண்டனையும் சராசரியாக 7 அல்லது 8 கொலைகளைத் தடுத்திருக்கலாம் எனக் கணித்தார். அச்சேறுமுன்பே அவ்வாய்வு ஐக்கிய அமெரிக்க அரசின் சார்பில் அந்நாட்டு உயர்நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டப்பட்டது. பல்கலைக்கழக அறையொன்றிற் போடப்பட்ட கணக்கு தூக்குமேடைக்குச் சான்றாக நின்ற தருணம் அது.

ஆனால் அக்கணக்கின் உறுதி விரைவிலேயே ஐயத்துக்குள்ளாயிற்று. 1962இன் பின் வந்த சில ஆண்டுகளை நீக்கிவிட்டுக் கணித்தால் ஏர்லிக் கண்ட விளைவு மறைந்துவிடுகின்றது என ஏனைய ஆய்வாளர் காட்டினர். 1960களில் அந்நாட்டில் மரணதண்டனைகள் குறைந்து, 1967இன் பின் சில ஆண்டுகள் முற்றாக நின்றிருந்தன. அதே காலத்திற் கொலைகளும் ஏனைய குற்றங்களும் பெருகின. இவ்விரண்டையும் காரண காரியமாக இணைப்பதா, அன்றி ஒரே காலத்தில் நிகழ்ந்த இரு வேறு மாற்றங்களாகக் கொள்வதா என்பது எண்கள் மட்டும் தீர்க்கக்கூடிய பிணக்கு அன்று. தண்டனையை விலையாகக் கருதியவருக்கு முன்னைய விளக்கம் இயல்பாகத் தோன்றியது. சமூகச் சூழலை முதன்மையாகக் கொண்டவருக்கு அது கண்மூடித்தனமாகத் தோன்றியது.

இவ்வேறுபாட்டை இன்னும் வெளிப்படையாகக் காட்டியவர்கள் பொருளியலாளர்களே என்பது குறிப்பிடத்தக்கது. எட்வேட் லீமர் 1983இலும், வோல்ரர் மக்மனஸ் 1985இலும் வெளியிட்ட கட்டுரைகளில் ஒரு புதுமையான சோதனை செய்யப்பட்டது. ஐந்து வகை ஆய்வாளர்கள் கற்பனை செய்யப்பட்டனர். ஒருவர் வலதுசாரி. ஒருவர் மனிதன் எப்போதும் தன் பயனைக் கணித்தே நடப்பவன் என நம்புபவர். ஒருவர் கண்ணுக்குக் கண் என்னும் நீதியை ஏற்பவர். ஒருவர் வறுமையே குற்றத்தின் வேர் எனக் கருதும் இளகிய நெஞ்சினர். ஒருவர் கொலை ஆத்திரத்தில் நிகழ்வது, அதிற் கணக்குக்கு இடமில்லை எனக் கருதுபவர். இவ்வைவர் கையிலும் ஒரே புள்ளிவிபரம் கொடுக்கப்பட்டது. எந்தக் காரணிகளைக் கட்டாயம் கணக்கிற் சேர்க்கவேண்டும், எவற்றை ஐயத்துக்குரியனவாக விடலாம் என்பதில் மட்டுமே அவர்கள் வேறுபட்டனர். முதலிருவரும் எவ்வாறு கணித்தபோதும் மரணதண்டனை கொலையைக் குறைப்பதாகவே விடை வந்தது. ஏனைய மூவருக்கும் அது கொலையைக் குறைக்கின்றது என்றோ கூட்டுகின்றது என்றோ உறுதியாகச் சொல்ல முடியாதிருந்தது. விடை எங்கிருந்து வந்தது என்பது இதனாற் புலனாகும். தரவிலிருந்து வரவேண்டிய விடையின் பெரும்பகுதி ஆய்வாளர் கையோடு கொண்டுவந்த நம்பிக்கையிலிருந்தே வந்திருந்தது.

அவை கற்பனை ஆய்வாளர்களாற் செய்யப்பட்ட சோதனைகள். மெய்யான ஆய்வாளரின் நிலை யாது? சுவிற்சர்லாந்தின் சென் காலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெறிற்சன், கிர்ஷ்கெஸ்னர் ஆகிய இருவரும் 1975 முதல் 2011 வரை வெளியான 102 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். எவ்வாய்வு தடுப்பாற்றல் உண்டு எனக் கண்டது, எது இல்லை எனக் கண்டது, அவ்வேறுபாட்டுக்கு யாது காரணம் என்பதே அவர்கள் தேடியது. ஆய்வாளரின் துறை தெளிவான செல்வாக்குச் செலுத்தியிருந்தது. சட்டத்துறையினரையும் ஏனைய சமூக விஞ்ஞானத் துறையினரையும் விடப் பொருளியலாளரே தடுப்பாற்றல் உண்டு என்னும் முடிவுக்கு அதிகமாக வந்திருந்தனர். மறுபுறம், குற்றவியலாளர் மத்தியில் 2009இல் வெளியான ஒரு கருத்தாய்வில், மரணதண்டனைக்குத் தனித்த தடுப்பாற்றல் இல்லை என்னும் நிலைப்பாடே மிகப் பெரும்பான்மையாகக் காணப்பட்டது. எந்தப் பீடத்தின் வாயிலால் ஒருவர் நுழைந்தார் என்பதைக் கொண்டு அவர் எந்த முடிவோடு வெளிவருவார் என ஊகிக்கக்கூடிய நிலை உண்மைத் தேட்டத்துக்குப் பெருமை தருவதன்று.

இவ்விடத்தில் ஒரு தவறான விளக்கத்தைத் தவிர்த்தல் அவசியம். இவ்வாய்வாளர்கள் பொய்யுரைத்தனர் என்றோ வேண்டுமென்றே எண்களைத் திரித்தனர் என்றோ கொள்ளவேண்டியதில்லை. மனித மனத்தின் பொதுவான இயல்பே இங்கு செயற்படுகின்றது. 1979இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் 48 மாணவர்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தப்பட்டது. அவர்களுட் பாதிப்பேர் மரணதண்டனையை ஆதரிப்பவர், பாதிப்பேர் எதிர்ப்பவர். அனைவருக்கும் இரண்டு ஆய்வுகள் படிக்கக் கொடுக்கப்பட்டன. ஒன்று தடுப்பாற்றல் உண்டு என்றது. மற்றையது இல்லை என்றது. இரண்டும் பரிசோதனைக்காக ஆக்கப்பட்டவை. ஒவ்வொரு சாராரும் தமக்கு இசைவான ஆய்வைச் சிறந்த முறையிற் செய்யப்பட்டதாகப் பாராட்டினர். இசையாததன் குறைகளை நுணுகிக் கண்டுபிடித்தனர். ஒரே சான்றைப் படித்த இரு சாராரும் படிக்குமுன் இருந்ததைவிடத் தத்தம் கொள்கையில் உறுதிபெற்றே எழுந்தனர். கற்றவர் என்பதால் இக்குறை நீங்கிவிடவில்லை. கல்வி சில வேளைகளில் தன் கொள்கையைக் காத்துக்கொள்ளும் வாதத்திறனையே வளர்க்கின்றது.

தமிழர்க்கு இது புதுமையான அனுபவம் அன்று. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்து இறுதிக் குறள், அரசன் கொடியோரைத் தண்டிப்பதைப் பயிரிடையே களை பிடுங்குவதற்கு ஒப்பிடுகின்றது. அதில் வரும் ‘கொலையின்’ என்னும் சொல்லை எச்சொல்லோடு கூட்டுவது என்பதே சிக்கல். தண்டித்தலோடு கூட்டினால், கொடியோரைக் கொலையால் தண்டித்தல் எனப் பொருள்படும்; பரிமேலழகர் அவ்வாறே கொண்டார். கொடியாரோடு கூட்டினால், கொலைத்தொழிலிற் கொடியவரைத் தண்டித்தல் என்ற அளவிலேயே நிற்கும். தண்டனை இன்னதென அக்குறள் விதிக்கவில்லை எனவும் கொள்ளலாம். இலக்கணம் இரண்டுக்கும் இடமளிக்கின்றது. கொல்லாமைக்கு ஓர் அதிகாரத்தையே வகுத்த நூலில் இவ்விரண்டில் எது பொருந்தும் என்பதை ஒவ்வோர் உரையாளரும் தாம் வாழ்ந்த காலத்தின் அரசியலும் தாம் தழுவிய சமயமும் ஊட்டிய மனப்பாங்கோடேயே தீர்மானிக்க நேர்கின்றது. மூலபாடம் உரையாளருக்கு எவ்வாறோ, புள்ளிவிபரம் ஆய்வாளருக்கும் அவ்வாறே எனலாம்.

ஒரே நிறுவனங்கூட நிலைக்களம் மாறும்போது விடையை மாற்றுவதை இந்தியாவிற் காணலாம். இந்தியச் சட்ட ஆணைக்குழு 1967இல் அளித்த 35ஆவது அறிக்கையில், நாட்டின் பரப்பையும் மக்களின் பல்வகைமையையும் கல்வி நிலையையும் சுட்டிக்காட்டி மரணதண்டனையை ஒழித்துச் சோதித்துப்பார்க்கும் நிலையில் இந்தியா இல்லை என்றது. நீதியரசர் ஏ. பி. ஷா தலைமையில் 2015இல் அளித்த 262ஆவது அறிக்கையில், பயங்கரவாதம் தொடர்பான குற்றங்களும் அரசுக்கெதிரான போரும் தவிர்ந்த ஏனையவற்றுக்கு அதனை ஒழிக்குமாறு அதே ஆணைக்குழு பரிந்துரைத்தது. அவ்வறிக்கைக்கு மாறுபட்ட கருத்துத் தெரிவித்த மூவருள் இருவர், பதவிவழி உறுப்பினராயிருந்த அரசாங்கச் செயலாளர்கள். ஒரே சான்றுகளை ஒரே மேசையிலிருந்து நோக்கியோர் பிரிந்து நின்றதில், ஆட்சிப்பொறுப்பைச் சுமப்பவரின் நிலைக்களமும் பங்கு கொண்டிருக்கலாம் என ஊகிப்பது தவறாகாது.

இலங்கையின் அனுபவம் இதனினும் துன்பியல் வாய்ந்தது. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அரசாங்கம் மரணதண்டனையை இடைநிறுத்தியது. 1958இல் அதற்கான சட்டம் நிறைவேறியது. அவ்விடைநிறுத்தத்தின் விளைவை ஆராய்வதற்கு நோர்வல் மொறிஸ் என்னும் சட்டப் பேராசிரியரின் தலைமையில் ஆணைக்குழுவொன்று அமைக்கப்பட்டது. நியூசிலாந்திற் பிறந்து அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய அவர் இந்நாட்டின் உட்பூசல்களில் எப்பக்கமும் சாராதவர். இடைநிறுத்தத்தாற் கொலைகள் பெருகின என்பதற்குச் சான்றில்லை என்னும் முடிவை ஆணைக்குழு 1959இல் அறிவித்தது. 1958ஆம் ஆண்டின் எண்களை வெறும் எண்களாகப் படிப்பவர் அவ்வாண்டு மே மாதத்து இனக்கலவரத்தை மறந்துவிடக்கூடும் என்பதும் இங்கு நினைவிற் கொள்ளற்பாலது. கலவரத்திற் கொன்றவன் தூக்குமேடை நீங்கியதால் துணிந்தானா, அன்றித் தன்னை எவரும் கேட்கமாட்டார் என்பதால் துணிந்தானா? அக்கலவரத்தில் வீடிழந்து கப்பலேறி வடக்கே வந்து சேர்ந்தவரிடம் கேட்டிருந்தால் விடை தெளிவாகக் கிடைத்திருக்கும்.

ஆயின் அறிக்கையின் கதி வேறுவிதமாயிற்று. 1959 செப்ரெம்பர் 25ஆம் திகதி பிரதமர் சுடப்பட்டு மறுநாள் உயிர்நீத்தார். மரணதண்டனையை இடைநிறுத்திய தலைவரின் கொலையே அதனை மீளக் கொண்டுவரக் காரணமாயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் இடைநிறுத்தச் சட்டம் நீக்கப்பட்டது. அவரைச் சுட்ட தல்துவே சோமாராம 1962இல் தூக்கிலிடப்பட்டார். ஆணைக்குழு தொகுத்த சான்றுகளில் ஓர் எண்ணேனும் அந்தச் செப்ரெம்பர் மாதத்தில் மாறியிருக்கவில்லை. அவற்றைப் படிப்போரின் மனநிலையே மாறியிருந்தது. துயரமும் சினமும் ஒரு நாட்டின் நிலைக்களத்தை ஓரிரவில் இடம்பெயர்க்கும் ஆற்றலுடையன என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

1976 யூன் 23ஆம் திகதிக்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. நீதிமன்றங்கள் மட்டும் அத்தண்டனையைத் தொடர்ந்து விதித்து வந்துள்ளன. 2004 நவம்பரில் மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேப்பிட்டிய கொல்லப்பட்டபோதும், 2019 யூனில் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரின் மரணதண்டனைக்குச் சனாதிபதி ஒப்பமிட்டபோதும், தடுப்பாற்றல் என்னும் நியாயமே மீண்டும் முன்வைக்கப்பட்டது. பின்னையதை உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே இடைநிறுத்தியது.

இப்பின்னணியிலேயே அல்லைப்பிட்டியில் நின்று கேட்கும் வினாவின் தனித்தன்மை புலப்படுகின்றது. 2006 மே மாதக் கொலைகளோடு அவ்வூரின் துயரம் முடியவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் எறிகணைகளுக்கு இரையாயினர். சில நாட்களில், ஓகஸ்ட் 20ஆம் திகதி, அவ்வாலயத்தின் பங்குத்தந்தையும் அவரோடு சென்றவரும் காணாமற் போயினர். இவ்வூரவர் ஒருவர் மேலே கூறிய ஆய்வுகளைப் படித்தால் அவர் மனதில் முதலில் எழும் கேள்வி, தூக்கு வலியதா ஆயுட்சிறை வலியதா என்பதாக இராது. கொலை வீதம் எனக் கணிக்கப்படும் எண்ணில் எவர் சேர்க்கப்பட்டுள்ளனர் என்றே அவர் கேட்பார். எறிகணையில் இறந்தவர் கொலையுண்டவரா? காணாமற் போனவர் எப்பத்தியில் எழுதப்படுவார்? அவர் இறந்தார் எனத் தாயே ஒப்புக்கொள்ளாத நிலையில் கணக்காளர் என்செய்வார்?

அதனினும் அடிப்படையான கேள்வி ஒன்றுண்டு. செலின், ஏர்லிக் ஆகிய இருவரும் முடிவில் முரண்பட்டாலும் ஒன்றில் உடன்பட்டனர். கொல்பவனுக்கும் கொல்லப்படுபவனுக்கும் இடையே அரசு நடுநிலையான மூன்றாம் தரப்பாக நிற்கின்றது, கொலை நிகழ்ந்தால் தேடும், கிடைத்தால் விசாரிக்கும், குற்றம் நிறுவப்பட்டாற் தண்டிக்கும் என்பதே அவ்வுடன்பாடு. அவ்வமைதி நிலவும் நாட்டில் வாழ்பவருக்கு அது ஒரு எடுகோளாகத் தோன்றுவதேயில்லை. மீனுக்கு நீர் தெரியாதது போல அது அவர்களுக்குத் தெரிவதில்லை. துப்பாக்கி ஏந்தியோர் நிறைந்த வீதியோரம் ஒன்பது பேர் கொல்லப்பட்டும் எவரும் தண்டிக்கப்படாத ஊரிலிருந்து பார்ப்பவருக்கே அது எடுகோள் எனத் தெரிகின்றது. தண்டனையின் கடுமையைவிட அதன் தவறாமையே குற்றத்தைத் தடுக்கும் என இத்தாலியரான பெக்காரியா 1764இலேயே எழுதினார். அல்லைப்பிட்டியில் ஒருவர் அதனை நூலிலிருந்து கற்கவேண்டியதில்லை. அகப்படமாட்டேன் என உறுதியாக நம்புபவனைச் சட்டப்புத்தகத்தில் எழுதப்பட்ட எந்தத் தண்டனையும் அச்சுறுத்தாது. இவ்வகையில் நிலைக்களம் மறைப்பதை மட்டும் செய்வதில்லை. பிறருக்குத் தென்படாத ஒன்றைக் காட்டவும் செய்கின்றது.

ஆனால் துன்பப்பட்டவரின் பார்வை எப்போதும் நேரானது எனக் கொள்வதும் தவறாகும். 2015 மே மாதத்திற் புங்குடுதீவு மாணவியின் கொலை கேட்டு யாழ்ப்பாணம் கொதித்தெழுந்தது. கடையடைப்பும் ஊர்வலங்களும் நடந்தன; மே 20ஆம் திகதி யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்தொகுதியே தாக்கப்பட்டது. குற்றவாளிகளைத் தூக்கிலிடுக என்ற குரல் எங்கும் ஒலித்தது. அரசின் படைபலத்தையும் நீதிமுறையையும் நீண்டகாலம் நம்பாதிருந்த அதே சமூகம், அதே அரசின் கையில் தூக்குக்கயிற்றைக் கொடுக்கத் தயங்கவில்லை. அச்சினம் இயல்பானது, அதனைப் பழித்தல் தகாது. எனினும், அந்நாளில் ஓர் ஆய்வாளர் தடுப்பாற்றல் உண்டு என எழுதியிருந்தால் எவரும் அவர் கணக்கைச் சரிபார்த்திருக்கமாட்டார் என்பதும் உண்மையே. மறுதலையாக, அல்லைப்பிட்டியின் நினைவோடு மட்டும் வாழ்பவர், அரசு வழங்கும் எத்தண்டனையும் பயனற்றது என முன்கூட்டியே தீர்மானித்து, அதற்கு மாறான சான்றைத் திறந்தும் பாராது ஒதுக்கக்கூடும். ஒரே தீவகத்தவரின் நெஞ்சில் இவ்விரு நிலைக்களங்களும் அருகருகே இருக்கக் காண்கிறோம்.

இதனால் எல்லா முடிவுகளும் அவரவர் பார்வையே, உண்மை என்பது எங்குமில்லை என முடிப்பதா? அவ்வாறு முடிப்பது எளிது, ஆயின் பொருந்தாது. சான்று மனத்தை மாற்றியதற்கும் வரலாறு உண்டு. பிரித்தானியாவில் 1949 முதல் 1953 வரை இயங்கிய அரச ஆணைக்குழுவின் தலைவர் சேர் ஏர்னெஸ்ட் கவர்ஸ், அப்பணியை ஏற்குமுன் மரணதண்டனையை ஒழிக்கக் கோருவோரின் பக்கம் நின்றவரல்லர். தண்டனையை ஒழிக்கலாமா என ஆராயும் அதிகாரமும் அவ்வாணைக்குழுவுக்கு அளிக்கப்படவில்லை. அதனை மட்டுப்படுத்துவது பற்றியே கேட்கப்பட்டது. நான்காண்டு சான்றுகளைக் கேட்ட பின் அவர் அத்தண்டனையை எதிர்ப்பவராக மாறி, 1956இல் அதுபற்றி நூலும் எழுதினார். ஐக்கிய அமெரிக்காவிற் காஸ் சன்ஸ்ரைன் என்னும் சட்ட அறிஞர் 2005இல் வேறொருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், மரணதண்டனை பல உயிர்களைக் காக்குமெனின் அதனை நிறைவேற்றாது விடுவதே அறப்பிழையாகலாம் என வாதிட்டார். 2008இல் பொருளியலாளர் ஒருவரோடு சேர்ந்து எழுதியபோது, அத்தகைய உறுதிக்கு இருக்கும் சான்றுகள் போதா என ஒப்புக்கொண்டார். 2012இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுப் பேரவையின் குழுவொன்று மூன்று தசாப்த ஆய்வுகளையும் பரிசீலித்து, மரணதண்டனை கொலையைக் கூட்டுகின்றதா, குறைக்கின்றதா, மாற்றமின்றி விடுகின்றதா என்பதை அவற்றைக் கொண்டு கூறமுடியாது எனவும், கொள்கை வகுப்பதற்கு அவற்றைப் பயன்படுத்தலாகாது எனவும் அறிவித்தது. தெரியவில்லை என்பதைத் துணிந்து கூறுதலும் அறிவின் ஒரு வெற்றியே.

எனவே ஆய்வாளரின் கடமை நிலைக்களம் அற்றவராக நடிப்பதன்று. அத்தகைய இடம் எவருக்கும் இல்லை. தாம் எங்கு நின்று நோக்குகின்றார் என்பதை வெளிப்படையாகக் கூறுதல் முதற்கடமை. எத்தகைய சான்று கிடைத்தால் தம் கருத்தை மாற்றிக்கொள்வார் என்பதைக் கணக்கைத் தொடங்குமுன்பே வரையறுத்தல் இரண்டாவது. தம் நிலைக்களத்துக்கு உவப்பில்லாத வினாவைத் தாமே எழுப்பிக்கொள்ளுதல் மூன்றாவது. பொருளியலாளர், தண்டனையே கிட்டாத கொலைகளைப் பற்றிக் கேட்கவேண்டும். சமூகவியலாளர், அச்சம் எவரையேனும் ஒருபோதும் தடுத்ததில்லையா எனக் கேட்கவேண்டும். தீவகத்து மாணவர், 2015இல் எழுந்த தம் சினத்தையும் 2006இன் துயரத்தையும் ஒரே தராசில் வைத்துக் கேட்கவேண்டும்.

இக்கடமைகளெல்லாம் நிறைவேறிய பின்னும் ஐயம் எஞ்சுமாயின், அவ்வையத்தின் சுமையை எவர் தலையில் வைப்பது என்னும் வினா எஞ்சுகின்றது. அது புள்ளிவிபரத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட அறவினா. தண்டனையை நிறைவேற்றாது விட்டதால் யாரோ ஒருவர் கொல்லப்படக்கூடும் என்பது மறுக்கமுடியாத சாத்தியம், அவ்வுயிரும் உயிரே. ஆயின் அது ஊகத்தில் நிற்கும் இழப்பு. தூக்கிலிடப்படுபவனின் மரணம் அரசு தன் கையாற் செய்யும் உறுதியான செயல். பிழையெனப் பின்னர் தெரியவந்தால் திருத்த இயலாதது. விசாரணை இன்றிக் கோவலனைக் கொன்ற பாண்டியன், பிழையை அறிந்த கணத்தில் தன் உயிரை விடுவதைத் தவிர வேறு பரிகாரம் காணவில்லை. கண்ணகியைத் தெய்வமாக வழிபடும் ஈழத்துத் தமிழர் அக்கதையை நன்கறிவர். உறுதியாகக் கொல்லப்போகும் கையே உறுதியான சான்றையும் காட்டக் கடமைப்பட்டது. ஆய்வாளரின் துறையையும் பிறப்பிடத்தையும் பொறுத்து மாறுகின்ற சான்று அக்கடமையை நிறைவேற்றமாட்டாது.

அல்லைப்பிட்டியிலிருந்து புங்குடுதீவுக்குச் செல்ல அதிக நேரம் ஆவதில்லை. ஆயினும் ஒன்றிற் தீர்ப்பு உண்டு. மற்றையதில் விசாரணையே முழுமைபெறவில்லை. கொலையைத் தடுப்பது எது என மெய்யாகவே அறிய விரும்பும் ஆய்வாளர் இவ்வீதியின் இரு ஊர்களிலும் இறங்கி நின்று கேட்டல் வேண்டும். தூக்குமேடையின் உயரத்தை அளப்பதற்கு முன், கொலைசெய்தவன் எவனாயினும் அவன் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படுவான் என்னும் உறுதி அவ்வூர்களில் உண்டா என்பதை அவர் அளக்கட்டும். அவ்வுறுதி பிறக்கும் நாளில், தூக்குக்கயிறு தேவையா என்னும் வினாவுக்கு விடைகாண்பது இன்றிருப்பதைவிட எளிதாகும்.